பாடத்தில் இல்லாத கேள்வி

நீச்சல் குளத்தில் அலமாரிச் சாவி கொடுக்கிறவரை அங்கே எல்லோரும் கண்டக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். விட்டு வந்த ஊரில் அவர் நிஜமாகவே பேருந்து நடத்துநர். வந்து சேர்ந்த ஊரில் அவருக்குப் பேருந்து கிடைக்கவில்லை; ஈரத் தரையும், ரப்பர் வளையத்தில் கோத்த சாவிகளும், குளோரின் நெடியும்தான் கிடைத்தன. வாய் மட்டும் பழைய வேலையை விடவில்லை. பள்ளிப் பிள்ளைகள் உடை மாற்றும் அறை வாசலில் முண்டியடித்தால், "வாசல்ல நிக்காதீங்க, உள்ள தள்ளிப் போங்க, உள்ள இடம் இருக்கு" என்பார். அந்தக் குரலுக்குக் கட்டுப்படாத பிள்ளை கிடையாது.

அதே மனிதர் ஓர் அதிகாரி முன்னால் நின்றால் போதும், நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். பாடத்தில் இருப்பதைத் தவிர ஒரு சொல் வெளியே வராது.

பாடம் என்பது அந்த வீட்டுச் சொல். வெளியே அதற்குப் பெயர் வாக்குமூலம். அகதியாக வந்து இறங்கியபோது அவரையும், அவருடைய அக்காவையும், மகளையும் தனித்தனி அறையில் உட்காரவைத்து விசாரித்தார்கள். எந்தக் கிழமை வீட்டை விட்டுப் புறப்பட்டீர்கள் என்று கேட்டதற்குத் தம்பி புதன் என்றார், அக்கா செவ்வாய் என்றாள். நடுராத்திரி தாண்டிக் கிளம்பியவர்களுக்கு இரண்டுமே சரிதான். ஆனால் காகிதத்துக்கு ஒரு கிழமைதான் தெரியும். அந்த ஒரு கிழமைக்காக அவர்கள் வழக்கு ஒரு வருடம் தள்ளிப்போனது. அந்த வருடம் முழுக்க அக்கா சரியாகச் சாப்பிடவில்லை.

அன்றிலிருந்து கண்டக்டர் வீட்டில் வாரம் தவறாமல், பிரார்த்தனை முடிந்த கையோடு, பாடம் ஒப்பிப்பது வழக்கமாகிவிட்டது. வீட்டை விட்டுப் புறப்பட்டது, பாலம், காடு, எல்லை, முகாம் எல்லாம் வரிசை மாறாமல் வரவேண்டும். 'நான்காம் நாள் என் தாய் வழியிலேயே இறந்தார்' என்று மகள் சொல்லுவாள். அதே இடத்தில் அவர் 'என் மனைவி' என்பார், அக்கா 'என் தம்பியின் மனைவி' என்பாள். மூன்று பேரும் மூன்று உறவு சொல்லி, ஒரே தொனியில் சொல்லப் பழகியிருந்தார்கள். அழுதால் நடிப்பு என்பார்கள், தடுமாறினால் பொய் என்பார்கள் என்று வக்கீல் சொல்லிவைத்திருந்தார். கடைசியில் வழக்கு அவர்கள் பக்கம் தீர்ந்தது. ஆனாலும் பாடம் நிற்கவில்லை. அகதி அட்டையைப் புதுப்பிக்கிறபோது மறுபடி கேட்டால்?

"கடவுள்கிட்ட சொல்ற பிரார்த்தனைல கூட நாலு வார்த்தை முன்ன பின்ன ஆகுது. அவர் கோவிச்சுக்கறதில்ல" என்று அக்கா முணுமுணுப்பாள்.

"கடவுளுக்கு நம்மளத் தெரியும். இவங்களுக்குத் தெரியாதே" என்பார் கண்டக்டர்.

மகள் விட்டு வந்த ஊரில் குடிநீர்ப் பொறியியல் படித்துப் பட்டம் வாங்கியவள். பட்டச் சான்றிதழ் சட்டம் போட்டுச் சுவரில் மாட்டியிருந்தது. ஓடுகிற அவசரத்தில் யாரும் சுவரைப் பார்க்கவில்லை. அவள் படித்த கல்லூரியின் அலுவலகம் எரிந்துபோய்விட்டது. அங்கே எழுதிய கடிதங்களுக்குப் பதில் எழுத ஆள் யாரும் மிஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. இங்கே அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் வேலை செய்தாள். வேகவைத்த விரிப்புகள் இயந்திரத்திலிருந்து அனல் பறக்க வந்து விழும். எதிரும் புதிருமாக இரண்டு பேர் நின்று முனை பிடித்து உதறி மடிக்க வேண்டும். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது விரல் நுனிகள் வெளுத்துத் தோல் உரிந்திருக்கும். அந்த விரல்களோடு முதுகலைப் படிப்புக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டே இருந்தாள்.

ஒரு பல்கலைக்கழகம் அசல் சான்றிதழ் கேட்டது. இன்னொன்று, சான்றிதழ் தொலைந்திருந்தால் சொந்த நாட்டுத் தூதரகத்தில் முத்திரை வாங்கி வரச் சொன்னது. அதைப் படித்துக் காட்டியபோது அக்கா கரண்டியைக் கீழே வைத்துவிட்டாள்.

"யாருக்குப் பயந்து ஓடி வந்தமோ அவங்ககிட்டயே போய் முத்திரை வாங்கணுமாமா? புலி வாய்ல தலைய விட்டுட்டு, அப்படியே பல்லையும் எண்ணிட்டு வரச் சொல்றாங்க."

மகள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அடுத்த விண்ணப்பத்தைத் திறந்தாள். அவள் குணம் அது. கதவைச் சாத்தினால் அழமாட்டாள், ஜன்னல் பக்கம் போய் நிற்பாள். அப்படிப் போய் நின்றதில்தான் மூன்றாவது பல்கலைக்கழகம், கணினித் திரை வழியாக நேர்காணலுக்கு வரும்படி எழுதியது. அந்தப் பல்கலைக்கழகம் இருந்ததும் அவர்கள் குடியிருந்த அதே நகரத்தில்தான்.

அவர்கள் குடியிருந்த அறைக்குக் கீழே டயர்க் கடை. பகலெல்லாம் சுத்தியல் சத்தம். நேர்காணலை எங்கே வைத்துக்கொள்வது என்று கண்டக்டர் கவலைப்பட்டதைக் குளத்துக் காவலர் கவனித்துவிட்டார். உயரமான நாற்காலியில் உட்கார்ந்து நீந்துகிறவர்களைக் கண்காணிக்கிற அந்த மனிதருக்கு விசில்காரர் என்று பெயர். குளத்தை ஒட்டிய முதலுதவி அறையை அவர் தாமாகவே திறந்துவிட்டார். யாரும் உள்ளே வந்து தொந்தரவு செய்யக் கூடாது என்று, 'உள்ளே சிகிச்சை நடக்கிறது' என்ற பலகையையும் கதவில் மாட்டினார்.

"யாருக்கு என்ன ஆச்சுன்னு கேட்டா?" என்றார் கண்டக்டர்.

"உங்களுக்குத்தான் மூச்சுத் திணறுது. கண்ணாடில மூஞ்சியப் பாருங்க அண்ணே."

உள்ளே போகும் முன் கண்டக்டர் மகளின் தலையில் கை வைத்தார். "அம்மாடி, என்ன கேட்டாலும் பாடத்தை விட்டு இம்மியும் நகராத. கிழமை ஞாபகம் இருக்கில்ல?" அவள் தலையாட்டினாள். அவள் மடியில் ஒரு சிறு குறிப்புத் தாள் இருந்தது. அதில் அவள் எழுதிவைத்திருந்தது கிழமைகளைப் பற்றி இல்லை. கல்லூரியின் கடைசி வருடத்தில் அவள் செய்த ஆய்வைப் பற்றி. அதை அவர் பார்க்கவில்லை.

கதவுக்கு வெளியே நின்று காதைக் கொடுத்தார். திரையிலிருந்து ஒரு பெண் குரல் கனிவாகக் கேட்டது: உங்களைப் பற்றிக் கொஞ்சம் சொல்லுங்கள்.

விசாரணை அறையில் அதிகாரி முதலில் கேட்டதும் இதே கேள்விதான், இதே கனிவோடுதான். பிறகு மகளின் குரல் வந்தது. நாங்கள் புதன்கிழமை அதிகாலையில் வீட்டை விட்டுப் புறப்பட்டோம்.

கண்டக்டரின் உதடுகளும் கூடவே அசைந்தன. பாலம் வந்தது, காடு வந்தது. நான்காம் நாள் என் தாய் வழியிலேயே இறந்தார் என்பது தொனி மாறாமல் வந்தது. எல்லை வந்தது, முகாம் வந்தது. ஓர் எழுத்துப் பிசகவில்லை. அந்த நேரம் முழுக்க விசில்காரர் விசிலை வாயில் வைக்கவே இல்லை. ஆழமான பக்கம் போன பிள்ளைகளை இரண்டு கையையும் வீசி, வயலில் நட்ட பொம்மை மாதிரி ஆடி ஆடித் திருப்பிக்கொண்டிருந்தார். ஒரு மனிதர் தம் விசிலை அடக்கிக்கொண்டதை எந்த ஏட்டிலும் எழுதமாட்டார்கள். மேலே இருக்கிறவன் எழுதிக்கொள்வான் என்று நம்பத்தான் வேண்டும்.

உள்ளே அந்தப் பெண் குரல் கம்மியது. கூட இருந்த ஆண் குரல், இதுவே போதும், மிக்க நன்றி, உங்களைச் சிரமப்படுத்த விரும்பவில்லை என்றது. திரை அணைந்தது.

"ஒரு எழுத்து மாறலம்மா. ரொம்ப நல்லா சொன்ன" என்று கண்டக்டர் கதவைத் திறந்தார். முகம் மலர்ந்திருந்தது.

மகள் எழுந்திருக்கவில்லை. மடியில் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அப்பா, அவங்க தண்ணியப் பத்தி ஒண்ணுமே கேக்கல."

"அழுதாங்கம்மா. என் காதால கேட்டேன். அழுதவங்க இல்லன்னா சொல்லுவாங்க?"

அழுதவர்கள் இல்லை என்றுதான் சொன்னார்கள். மின்னஞ்சல் வந்தது. அசல் சான்றிதழ்கள் இல்லாத நிலையில் முதுகலையில் சேர்க்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்று இருந்தது. அடுத்த நாளே அதே பல்கலைக்கழகத்தின் விழாக் குழுவிடமிருந்து இன்னொன்று வந்தது. ஆண்டு விழாவில் பெரிய மனிதர்கள் கூடுகிறார்கள். உங்கள் கதை எங்கள் உள்ளத்தை உருக்கிவிட்டது. நேர்காணலில் சொன்னபடியே மேடையில் ஐந்து நிமிடம் சொல்ல முடியுமா. குடும்பத்தாரையும் அழைத்து வாருங்கள்.

கண்டக்டர் இரண்டாவதைத்தான் மனதில் ஏற்றிக்கொண்டார். வெள்ளைச் சட்டையை எடுத்து உதறினார். பல்கலைக்கழகத்து மேடை என்றால் சும்மாவா, நாலு பேர் பார்ப்பார்கள், யார் மனதிலாவது ஆண்டவன் புகுந்து வழி செய்வான் என்றார்.

மகள் அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். அவள் குரல் உயரவில்லை.

"கதை சொல்ல மேடை இருக்கு, படிக்க பெஞ்சு இல்லையாப்பா? நான் அங்க என்ன படிச்சேன், என்ன செஞ்சேன், ஒரு கேள்வி கேட்டாங்களா? நான் தப்பா பதில் சொல்லி, உனக்கு ஒண்ணும் தெரியலன்னு அனுப்பியிருந்தா நான் தலை குனிஞ்சு வந்திருப்பேன். கேக்கவே இல்ல."

"நீதானம்மா பாடத்தை..." என்று தொடங்கியவர் நிறுத்திக்கொண்டார். இம்மியும் நகராதே என்றது யார் என்பது அவருக்கு நினைவு வந்துவிட்டது.

"ஆமா, நான்தான் ஒப்பிச்சேன். அவங்க 'உங்களைப் பத்தி'ன்னு கேட்ட உடனே வாய் தானா ஓட ஆரம்பிச்சிருச்சு. நிறுத்தணும்னு நினைக்கறேன், நிக்க மாட்டேங்குது. அம்மா செத்தாங்கன்னு சொல்றேன்ப்பா, எனக்கு ஒண்ணுமே ஆகல. எதிர்ல அவங்க அழறாங்க, நான் அடுத்து எல்லைன்னு சொல்றேன்." அவள் மூச்சு வாங்கிக்கொண்டாள். "இனி அம்மாவக் காட்டி யார்கிட்டயும் எதுவும் வாங்க மாட்டேன். மேடையும் வேணாம், இரக்கமும் வேணாம்."

கண்டக்டர் சட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அக்காதான் பேசினாள்.

"சரிடி. வேணாம்னுட்டு வீட்டுல உக்காந்திருக்கப் போறியா? அந்த வாசல்ல காவல்காரன் நிக்கறான். சும்மா போனா உள்ள விடமாட்டான். இப்ப அழைப்பு கையில இருக்கு. உள்ள போற வரைக்கும் அது உதவும். உள்ள போய் எந்தப் பக்கம் திரும்பறதுங்கறது உன் இஷ்டம்."

மகள் அத்தையை நிமிர்ந்து பார்த்தாள். செவ்வாய் என்று உண்மையைச் சொல்லிவிட்டு ஒரு வருடம் தலை குனிந்து நடந்த அத்தை அவள். இப்போது அத்தை முகத்தில் ஒரு குறும்பு தெரிந்தது. அன்றே மகள் விழாக் குழுவுக்கு, வருகிறேன் என்று மட்டும் பதில் எழுதினாள்.

விழா நாள், சேர்க்கைப் பட்டியல் முடிவதற்கு முந்தின நாளாக அமைந்தது. மூன்று பேரும் இருக்கிறதில் நல்ல உடுப்பாகப் போட்டுக்கொண்டு, வேண்டுமென்றே வெகு முன்னதாகவே போனார்கள். வாசலில் காவலர் அழைப்பைப் பார்த்துவிட்டு, விழா அரங்கம் இடது பக்கம் என்று கை காட்டினார். நீர்ப் பொறியியல் துறை எந்தப் பக்கம் என்று மகள் கேட்டாள். அவர் அவளை ஒருமுறை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வெயிலில் நான்கு எட்டு கூடவே நடந்து வந்து, மரங்களுக்குப் பின்னால் இருந்த பழைய கட்டடத்தைக் காட்டி, லிஃப்ட் வேலை செய்யாது, படியில் போங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அக்காவுக்கு முட்டி வலி. அவள் அரங்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டாள்.

நேர்காணலில் பேசிய பேராசிரியையின் அறைக் கதவு திறந்தே இருந்தது. மேஜையில் விடைத்தாள் கட்டுகள், ஜன்னல் ஓரம் வண்டல் படிந்த கண்ணாடிக் குழாய்கள். அந்த அம்மாள் மகளை அடையாளம் கண்டு எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டார். கண் மறுபடி கலங்கத் தொடங்கியது. உங்களுக்கு எவ்வளவு துணிச்சல், இன்று பேச ஒத்துக்கொண்டதற்கு நன்றி என்றார்.

"நான் பேச வரல மேடம்" என்றாள் மகள். கையை மெல்ல விடுவித்துக்கொண்டாள். "அன்னிக்கு நீங்க என்னைப் பாக்கல. எங்க வாக்குமூலத்தைத்தான் பாத்தீங்க. என் தப்புதான். அதைத்தான் ஒப்பிச்சேன். இப்ப நான் வந்திருக்கேன். கேளுங்க."

"என்ன கேக்கறது?"

"மத்த பிள்ளைங்ககிட்ட என்ன கேட்டீங்களோ அது."

அதிகாரிகளிடம் இப்படிப் பேசலாம் என்று கண்டக்டர் நினைத்ததே இல்லை. மன்னிப்புக் கேட்டு மகளை இழுத்துக்கொண்டு போய்விடலாமா என்று அவர் கால் ஒரு அடி முன்னே வந்தது. அந்த அம்மாள் கோபப்படவில்லை. மெதுவாகத் தம் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்தார்.

"உண்மையச் சொல்றேன். அன்னிக்கு உங்ககிட்ட கேள்வி கேக்க எனக்கு மனசு வரல. இவ்வளவு பட்டவங்ககிட்ட போய் வடிகட்டியப் பத்திக் கேக்கறது பாவம்னு தோணிச்சு."

"கேக்காம விட்டதுதான் மேடம் பாவம்."

பேராசிரியை நல்ல மனுஷி. நல்ல மனம் படைத்தவர்கள் இரக்கத்தில் தடுக்கி விழுவதுண்டு. விழுந்ததை ஒருவர் காட்டியதும் தூசியைத் தட்டிக்கொண்டு எழுந்துவிட்டால், அவர்கள் இன்னும் நல்லவர்கள். அந்த அம்மாள் எழுந்தார். ஒரு குழாயை எடுத்து மேஜை மேல் வைத்துக் கேட்கத் தொடங்கினார்.

அதற்குப் பிறகு நடந்ததில் கண்டக்டருக்குப் பாதிக்கு மேல் புரியவில்லை. மணல் என்றார்கள், படலம் என்றார்கள், குளிர்ந்த தண்ணீர் என்றார்கள். மகள் கரும்பலகையில் கோடு இழுத்தாள். ஓர் இடத்தில் அந்த அம்மாள், இது தப்பு என்று அழித்தார். மகள், ஏன் என்று கேட்டாள். சொன்னதும் ஒத்துக்கொண்டாள். இன்னோர் இடத்தில் அந்த அம்மாள் தப்பு என்றதை அவள் ஒத்துக்கொள்ளவில்லை. இருவரும் ஒரே சமயத்தில் பேசினார்கள், ஒருவர் கையிலிருந்து ஒருவர் சாக்பீஸைப் பிடுங்கினார்கள். கண்டக்டர் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பாடம் சொல்லும்போது ஒரே மட்டத்தில் போகிற குரல் ஏறியது, இறங்கியது, தடுமாறியது, திருத்திக்கொண்டது. இந்தக் குரலை அவர் கடைசியாகக் கேட்டது, அவள் கல்லூரியிலிருந்து வந்து அடுப்படியில் நின்று அம்மாவிடம் கதையளந்த நாட்களில்.

பேராசிரியை கையைத் தட்டிக்கொண்டு ஒரு தடித்த விதிப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினார். தம் குற்றமில்லாமல் சான்றிதழ் இழந்தவர்களுக்குத் துறையே தேர்வு வைத்துச் சேர்க்கலாம் என்று ஒரு விதி இருந்தது. இருக்கிறது என்று அவருக்கும் அரைகுறையாகத்தான் ஞாபகம். இதுவரை யாரும் கேட்டதில்லை, யாரும் சொன்னதுமில்லை. துறைத் தலைவரிடம் தொலைபேசியில் பேசினார். இந்தப் பக்கம் கேட்டது கொஞ்சந்தான்: அழுததுக்கு மேடை குடுக்கறோம் சார், படிப்புக்கு ஒரு கேள்வித்தாள் குடுக்க முடியாதா?

நாளை பட்டியல் மூடிவிடும். தேர்வை இன்றைக்கு, இப்போதே எழுத வேண்டும். எழுதினால் விழாவில் பேச முடியாது என்றார் பேராசிரியை.

"பேனா இருக்கா மேடம்?" என்றாள் மகள்.

நடைக்கூடத்தில் போய்க்கொண்டிருந்த ஒரு மாணவி, யார் என்ன என்று கேட்காமல், தன் பேனாவையும் கணக்குப் போடும் கருவியையும் பையிலிருந்து எடுத்துக் கொடுத்துவிட்டுப் போனாள். அடுத்த அறையில் உட்காரும் முன் மகள் அப்பாவைத் திரும்பிப் பார்த்தாள்.

"நீங்க கீழ போய்ச் சொல்லிடுங்கப்பா."

"நானா? மைக்லயா? எனக்கு என்ன தெரியும்?"

"எதுவும் தெரிய வேணாம். நான் வரலன்னு சொன்னாப் போதும்."

அரங்கம் நிறைந்திருந்தது. மெத்தை வைத்த நாற்காலிகள், முன் வரிசையில் பட்டுத் துணி போர்த்திய மேஜை. அக்கா பின்னாலிருந்து கை ஆட்டி, என்ன ஆச்சு என்று புருவத்தால் கேட்டாள். அவர் பதில் சொல்வதற்குள் மேடையில் இருந்தவர் உருக்கமான குரலில், நம் கண்களைக் குளமாக்கப்போகும் ஒரு கதை என்று அறிவித்து மகளை அழைத்தார். எல்லோரும் கை தட்டினார்கள். யாரும் எழுந்திருக்கவில்லை. மறுபடி கை தட்டினார்கள்.

கண்டக்டர் நடந்தார். மேடைப் படியேறினார். மைக் முன்னால் நின்றதும் வாய் தன் பாட்டில் திறந்தது. "நாங்கள் புதன்கிழமை அதிகாலையில் வீட்டை விட்டு" என்று தொடங்கிவிட்டது. முன் வரிசையில் ஒரு பெண்மணி கைக்குட்டையை எடுத்து வைத்துக்கொண்டார்.

அந்தக் கைக்குட்டையைப் பார்த்ததும் அவர் நின்றார். அடுத்த வரி நாக்கு நுனியில் இருந்தது. பாலம், காடு, பிறகு அவள், அவர் மனைவி. இத்தனை வருடம் கிழமை மாறாமல், எழுத்து மாறாமல் முன்பின் தெரியாதவர்களுக்கெல்லாம் சாகக்கொடுத்த அவள். ஆண்டவனே, இன்றைக்கு ஒருநாள் அவளைச் சாகவிடாமல் இருக்க எனக்குத் தைரியம் கொடு என்று மனதுக்குள் கேட்டுக்கொண்டார். பிறகு தொண்டையைச் செருமினார். வந்தது பேருந்துக் குரல்.

"என் பொண்ணு கதை சொல்ல வரமாட்டா. அவ அந்தப் பக்கத்துக் கட்டடத்துல, மேல பரீட்சை எழுதிட்டு இருக்கா."

யாரும் கை தட்டவில்லை. அறிவித்தவர் மைக்கை வாங்கக் கையை நீட்டினார். கண்டக்டர் கொடுக்கவில்லை.

"அவளுக்காக யாரும் அழ வேணாம். நீங்க எல்லாரும் கொஞ்சம் உள்ள தள்ளி உக்காந்தாப் போதும். உள்ள இடம் இருக்கு."

இதைச் சொல்லிவிட்டு மைக்கை நீட்டிய கையில் வைத்துவிட்டு இறங்கினார். எங்கோ பின்னாலிருந்து ஒரு சிரிப்பு கிளம்பியது. அது அக்காவின் சிரிப்பு. அதைத் தொடர்ந்து மாணவர்கள் உட்கார்ந்திருந்த பக்கம் கைதட்டல் தொடங்கியது. முன் வரிசைக்கு அது வந்து சேரக் கொஞ்சம் நேரமாயிற்று. கைக்குட்டைப் பெண்மணி அதை மடித்துப் பையில் போட்டுக்கொண்டு, நிஜமாகவே பக்கத்து நாற்காலிக்கு நகர்ந்து உட்கார்ந்தார். என்ன செய்வதென்று தெரியாமல் செய்தாரோ, தெரிந்தே செய்தாரோ, கண்டக்டர் அவரைப் பார்த்துத் தலை தாழ்த்தினார்.

அவர் மறுபடி படியேறிப் போனபோது மகள் தேர்வை முடித்துவிட்டு நடைக்கூடத்துப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். உரிந்த விரல்களில் நீல மை. உள்ளே பேராசிரியையும் துறைத் தலைவரும் விடைத்தாளைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். காகிதம் புரளும் சத்தம் கேட்டது. அவர் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"சொல்லிட்டீங்களா?"

"சொல்லிட்டேன். பாடத்துல இல்லாதத சொல்லிட்டேன்" என்றார். அதைச் சொல்லும்போது திருட்டுத்தனமாக ஒரு சந்தோஷம் வந்தது.

எப்படி எழுதினாய் என்று கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை. வேறொன்று உறுத்தியது. பேராசிரியை கேட்காததை இவள் இவ்வளவு பெரிதாகச் சொன்னாளே, இத்தனை வருடத்தில் தான் ஒரு நாளாவது கேட்டிருக்கிறோமா? கிழமை கேட்டிருக்கிறார், பாலத்தின் பெயர் கேட்டிருக்கிறார்.

"அம்மாடி, அந்த மணல் தண்ணிய எப்படிம்மா சுத்தம் பண்ணுது?"

மகள் அவரைப் பார்த்தாள். கண் நிறைந்தது. பேராசிரியை அழுதபோதுகூட அழாதவளுக்கு, இந்தக் கேள்விக்குக் கண்ணீர் வந்தது. துடைத்துக்கொண்டு சொல்லத் தொடங்கினாள். மணல் மட்டும் சுத்தம் பண்றதில்லப்பா, அது மேல மெல்லிசா ஒரு படலம் உயிரோட வளரும், பாத்தா அழுக்கு மாதிரி இருக்கும், அதுதான் கிருமியத் தின்னும் என்றாள்.

"அழுக்குன்னு நினைச்சு யாராவது சுரண்டிட்டா?"

"சுரண்டுவாங்க. அப்புறம் கொஞ்ச நாள் தண்ணி நல்லா வராது."

"திரும்ப வளருமா?"

"வளரும்ப்பா. அது எத்தனை நாள்ல வளருதுங்கறதுதான் என் ஆராய்ச்சி. பாதியில நிக்குது."

கதவு திறந்தது. பேராசிரியை கையில் விடைத்தாளோடு நின்றார். மூன்றாவது கேள்வியில் நீங்கள் எழுதியது இன்னும் தப்புதான், அதைப் பிறகு சண்டை போட்டுக்கொள்ளலாம், முதலில் சேர்க்கைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும் என்றார். அவர் கண் இந்த முறை கலங்கியிருக்கவில்லை. ஆசிரியர்கள் புது மாணவரைப் பார்க்கிற மாதிரி, கொஞ்சம் கண்டிப்பாக இருந்தது.

மகள் எழுந்தாள். கதவருகில் போய் நின்றவள் அங்கேயே தயங்கினாள்.

"வாசல்ல நிக்காத" என்றார் கண்டக்டர். "உள்ள போ."